சோளகப் பக்கத்து யன்னல்

வரும் கிழமை நீங்கள் தீவகத்துக்குக் காற்றைப் பற்றி விசாரிக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்ல காரியம். ஓய்வுபெற்ற அக்கா வந்து இரண்டு வார்த்தை சொல்லட்டும் என்று உங்கள் மேலதிகாரி கூப்பிட்டிருக்கிறார். நான் இரண்டு வார்த்தையோடு நிறுத்தியதாகச் சரித்திரம் இல்லை. ஆகவே கதிரைகளில் வசதியாக இருங்கள். கைபேசியைப் பைக்குள் வையுங்கள். ஓம் தம்பி, உம்மைத்தான்.

எந்த வீட்டுக்குப் போவது, கேள்வியை எந்த ஒழுங்கில் கேட்பது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். காற்றில் எவ்வளவு தூசு என்று அளக்கக் கருவியும் இருக்கிறது. கருவி பொய் சொல்லாது. ஏனென்றால் அதற்குக் கலியாண வயதில் பெண்பிள்ளை இல்லை. மனிதருக்கு இருக்கிறது. நான் சொல்லவந்தது அந்தக் கதையைத்தான்.

சில வருடங்களுக்கு முன்னர், சரவணைப் பக்கம் ஒரு கடற்கரைக் குறிச்சி. பெயர் வேண்டாம். அங்கே இருப்பவர்கள் இன்றைக்கும் எனக்குக் கருவாடு கொடுத்துவிடுகிறார்கள், அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அந்தக் குறிச்சிக்குத் தென்மேற்கே கடலோரமாக ஒரு வெட்டை, வெறும் வெளி. குப்பையைக் கொண்டுவந்து கொட்டிக் கொளுத்துகிற இடம் அது. பிளாஸ்ரிக் போத்தல், சொப்பிங் பை, பழைய ரயர், எல்லாம் எரியும். தீவில் இரண்டு காற்று என்பது உங்களுக்குத் தெரியும். மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை, கோடையில் தென்மேற்கிலிருந்து சோளகம். வாடை அடித்தால் வெட்டைப் புகை கடலோடு போய்விடும். சோளகம் அடித்தால் நேரே குறிச்சிக்குள் வரும்.

எங்களை அனுப்பியது மாசி மாதம். அயற் கிராமங்களின் குப்பையையும் அதே வெட்டையில் கொட்டலாமா என்று மேலிடத்தில் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னர், குடியிருப்பவர்கள் தங்கள் காற்றைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லவேண்டும். அவர்கள் 'குறையில்லை' என்றால் சோளகம் பிறக்கும்போது லொறிகள் வரும். விஷயம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விஷயமில்லை.

நான் பொறுப்பாளர். என்னோடு சிந்துஜா என்ற பிள்ளையும் கஜன் என்ற பெடியனும். முதல் நாள் என்பதால் சிந்துஜா நல்ல சேலை உடுத்து, கொண்டையில் பூ வைத்து வந்திருந்தாள். கஜன் சங்கிலி போட்டிருந்தான். நான் என் கைப்பையோடு. மூன்று பேரும் யாழ்ப்பாணத்திலிருந்து வான் பிடித்துப் போய் இறங்கினோம். வீடு வீடாகப் போய், வீட்டில் எத்தனை பேர், என்ன வயது, யாருக்காவது மூச்சு வருத்தம், இருமல் உண்டா, அயலில் யாருக்காவது உண்டா, புகைத் தொல்லை உண்டா என்று கேட்டோம்.

ஐயோ, அந்த உபசாரத்தை என்னவென்று சொல்வேன்! தேநீர், பயற்றம் உருண்டை, முறுக்கு. "இருங்கோ, ஏன் அவசரப்படுறியள்?" என்று கதிரையைத் துடைத்துப் போட்டார்கள். பதிலும் தங்கம்தான். எங்கட காத்துக்கு என்ன குறை? புகையோ? என்ன புகை? வருத்தமோ? இந்தக் குறிச்சியில் ஒருத்தருக்கும் தும்மல் தடிமன்கூட வாறதில்லை!

சிந்துஜாவுக்கு மகிழ்ச்சி. எனக்குச் சந்தேகம். எங்கள் சனம் மழை பெய்தாலும் குறை சொல்லும், பெய்யாவிட்டாலும் குறை சொல்லும். குறையே சொல்லாத ஒரு குடியிருப்பை நான் அதுவரை கண்டதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எனக்கு மேலே இருந்த ஒருவர் சொல்லுவார்: "எல்லா வீட்டிலும் ஒரே பதில் வந்தால் வீட்டைப் பார்க்காதே, கேள்வியைப் பார்." நான் கேள்வியைப் பார்த்தேன். கேள்வியில் ஒரு பிழையும் தெரியவில்லை.

பிழையைக் காட்டித்தந்தது சரசக்கா. குறிச்சியின் நடுவில் வீடு, வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிடப் பெரிது. மூன்றாவது நாள் எனக்குத் தேநீர் தந்துவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தினார்.

"அது சரி, ஒளிக்காமச் சொல்லுங்கோ. நாள் எப்ப வைக்கப் போறியள்?"

"என்ன நாள் அக்கா?"

"என்ன நாளோ! டிலானிக்குத்தான். மண்டைதீவு மாப்பிள்ளை பகுதி விட்ட ஆக்கள்தானே நீங்கள்? அயலட்டையில நல்லா விசாரியுங்கோ, பயப்பிடாதேங்கோ. தங்கமான பிள்ளை. ஒரு வருத்தம் துன்பம் கிடையாது."

குடித்த தேநீர் புரைக்கேறிவிட்டது எனக்கு. சிந்துஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவிட்டாள். யோசித்துப் பாருங்கள். வான் பிடித்து வந்த மூன்று பேர், ஒருத்தி சேலை, ஒருத்தன் சங்கிலி, ஒரு வயதான மனிசி. வீட்டில் எத்தனை பேர், பிள்ளைக்கு என்ன வயது, வருத்தம் உண்டா, அயலவர் எப்படி என்றெல்லாம் கேட்கிறார்கள். கலியாணத்துக்கு விசாரிக்க வருகிறவர்களும் அப்படித்தானே வருவார்கள்? அதையேதானே கேட்பார்கள்? டிலானி என்ற பிள்ளைக்கு மண்டைதீவில் சம்பந்தம் பேச்சில் இருந்தது. ஊர் மொத்தமும் எங்களை அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டது.

கலியாணத்தைக் குழப்புவதைவிடப் பெரிய பாவம் எங்கள் பக்கத்தில் இல்லை. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய்துவை என்பார்கள். அந்த ஆயிரம் பொய்யும் வரிசையாக எங்கள் கணினிக்குள் ஏறியிருந்தது.

நான் சரசக்காவுக்கு நாங்கள் யார் என்று விளங்கப்படுத்தினேன். லொறி வரப்போகிற கதையையும் சொன்னேன். அவர் முகம் கறுத்துப்போனது. ஆனாலும் சொன்னார்: "மெய்தான் பிள்ளை, ஆனா நான் சொன்னதை மாத்தமாட்டன். புகை எண்டு ஒருத்தர் சொன்னா, ஆருக்கு முட்டு எண்டு அடுத்த கேள்வி வரும். முட்டு எண்டு சொன்னா டிலானியின்ர பேர் வரும். பிறகு மண்டைதீவார் இந்தப் பக்கம் தலைவைச்சும் படுப்பினமே?"

முட்டு என்றால் மூச்சிழுப்பு. அப்போதுதான் எனக்கு எல்லாம் வெளிச்சமானது. ஒரு பிள்ளையின் வாழ்க்கைக்காக ஊரே சேர்ந்து தன் வாயைப் பூட்டியிருந்தது. கோபப்படவும் முடியவில்லை, கும்பிடவேண்டும் போலவும் இருந்தது.

அன்றைக்கே டிலானி வீட்டுக்குப் போனேன். அவளுடைய தாய் றெஜினா முற்றத்தில் சாக்கு விரித்துக் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். தகப்பன் கடலுக்குப் போயிருந்தார். நான் வாய் திறக்க முன்னமே றெஜினா சொன்னார்:

"மிஸ், சரசக்கா சொல்லிப்போட்டா நீங்கள் ஆர் எண்டு. இருந்தாலும் எங்கட வீட்டில ஒரு வருத்தமும் இல்லை. புகையும் இல்லை. அப்பிடியே எழுதிக்கொண்டு போங்கோ."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கைப்பையை எடுத்தேன். எழும்பி வந்தேன். வாசல் படலையடியில் டிலானி எனக்காக நின்றாள். முன்பள்ளி ஆசிரியை. மெலிந்த பிள்ளை, சிரித்த முகம்.

"அன்ரி, அம்மா சொன்னதை எழுதாதேங்கோ."

"அப்ப நீர் சொல்லும், அதை எழுதுறன்."

"நான் சொல்லுறதையும் எழுதாதேங்கோ."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வெயில் வேறு. "அப்ப என்னத்தைப் பிள்ளை எழுதுறது? வெறும் பேப்பரையோ கொண்டுபோய்க் குடுக்கிறது?" என்று கத்திவிட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. கைப்பையைத் திறந்து உள்ளே கிடந்ததைக் காட்டினாள். முட்டுக்கு அடிக்கிற பம்ப்.

"சோளகம் துவங்கினா முன்பள்ளியில நிண்டு ஒரு பாட்டுப் படிச்சு முடிக்க ஏலாது அன்ரி. சின்னப் பிள்ளையளும் இருமிக்கொண்டு நிக்குங்கள். இன்னும் லொறியள் வந்து கொட்டினா நான் வேலையை விடத்தான் வேணும். ஆனா அம்மாவுக்கு உந்தச் சம்பந்தம் சரிவரவேணும்." கைப்பையை மூடினாள். "எனக்கும் விருப்பம்தான். நல்ல பெடியன். வாகனம் திருத்துற கராச்சில வேலை செய்யிறார்."

"அவருக்குச் சொன்னனீரோ?"

"சொல்ல வெளிக்கிட்டனான். அம்மா காலில விழாத குறையா அழுதவ."

பிறகு அவள் தங்கள் வீட்டின் தென்மேற்குப் பக்கத்தைக் கையால் காட்டினாள். யன்னல் ஒன்று, பூட்டி, குறுக்கே பலகை வைத்து ஆணி அறைந்து, இடுக்குகளில் சாக்குத் துண்டு அடைத்துக் கிடந்தது.

"வருத்தத்தைக் கேளாதேங்கோ அன்ரி. யன்னலைக் கேளுங்கோ. வருத்தத்தை ஒருத்தரும் சொல்லமாட்டினம். சோளக யன்னலை ஏன் பூட்டினனீங்கள் எண்டு கேட்டுப்பாருங்கோ, கதையை நிப்பாட்டமாட்டினம்."

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தவேண்டும். தீவில் வீடு கட்டுகிறவர் சோளகம் எந்தப் பக்கத்தால் வரும் என்று பார்த்துத்தான் யன்னல் வைப்பார். வைகாசி, ஆனியில் மண் கொதிக்கும். அந்த யன்னலால் வருகிற காற்றில்தான் மத்தியானம் ஒரு மனிதர் கொஞ்சம் கண்ணயரலாம். அதைப் போய் ஆணி அறைந்து பூட்டுகிறவர் சும்மா பூட்டமாட்டார். ஒரு வீட்டின் யன்னலைப் பார்த்தால் அந்த வீட்டு மூச்சு தெரியும். அதை அந்தப் பிள்ளை எனக்குச் சொல்லித் தந்தாள், நான் அவளைப் பார்த்துக் கத்திய வாய் மூடுவதற்குள்.

அடுத்த நாள் வானைக் கைவிட்டோம். கோயில் ஒலிபெருக்கியிலும், ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலிலும் நாங்கள் யார், எதற்கு வந்திருக்கிறோம் என்று பகிரங்கமாகச் சொன்னோம். இரவல் சைக்கிளில், சாதாரண உடுப்போடு, மறுபடியும் முதல் வீட்டிலிருந்து தொடங்கினோம், இந்த முறை சோளகப் பக்க யன்னல்களையும் பார்த்துக்கொண்டு. பழைய பதில்கள் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்தேன். கஜனுக்கு அழுகை வராத குறை. "அவ்வளவு வேலையுமா அக்கா?" என்றான். "ஓம், அவ்வளவு வேலையும்" என்றேன்.

இதற்கிடையில் இந்த விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் நேரே வந்துவிட்டார். என் மகனின் வயதுதான் இருக்கும், ஆனாலும் 'சேர்' என்றுதான் கூப்பிடுவேன். கெட்ட மனிதர் இல்லை, அவரை மேலே உள்ளவர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். ஒழுங்கையின் நடுவே நின்று நெஞ்சை விரித்து மூச்சை இழுத்தார்.

"ஆகா! என்ன காத்து மிஸ்! யாழ்ப்பாணம் ரவுனில உது கிடைக்குமோ?"

"சேர், இது வாடையின்ர மிச்சம். சோளகத்தில வந்து மூச்சை இழுத்துப் பாருங்கோ."

"முதல் கேக்கேக்க அவையே குறையில்லை எண்டுதானே சொன்னவை. நீங்கள் ஏன் பிடிவாதமா நிக்கிறியள்? சரி, ஒரு ஆளையெண்டாலும் காட்டுங்கோ. புகையால வருத்தம் வந்த ஒரே ஒரு ஆள். நான் மேல கதைச்சு இதை நிப்பாட்டுறன்."

பிள்ளைகள், இந்த இடத்தைக் கவனியுங்கள். என் நாக்கு நுனியில் ஒரு பெயர் நின்றது. சொன்னால் லொறி நிற்கும், முன்பள்ளிக் குஞ்சுகள் இருமாமல் விளையாடுவார்கள், டிலானியின் மூச்சும் தப்பும். அவருக்கு மட்டும் காதோடு காதாகச் சொன்னால் என்ன என்று மனம் கேட்டது. நல்ல காரியத்துக்குத்தானே என்றும் கேட்டது. தீவகத்தில் காதோடு காதாகச் சொன்ன கதை யாழ்ப்பாணத்துக்குப் போகிற பண்ணைப் பாலம் தாண்ட முன்னமே மண்டைதீவில் இறங்கிவிடும் என்பது எனக்குத் தெரியாதா? அவள் நம்பிக் காட்டியது எனக்கு. அதை எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. அந்தப் பெயரை விழுங்கினேன்.

"ஆளைக் காட்டமாட்டன் சேர். ஊர்க் கூட்டம் ஒண்டு வைக்கிறன், அதுக்கு வாங்கோ, அங்க வேறொண்டு காட்டுறன்" என்றேன்.

துணிச்சல் என்று நினைக்காதீர்கள். பயந்துகொண்டுதான் சொன்னேன்.

கூட்டம் சனசமூக நிலையத்தில். பின்னேரம். சனம் நிறைந்துவிட்டது. றெஜினாவும் டிலானியும் நடுவில் இருந்தார்கள். அப்போது பார்த்து, பின் வாங்கில் ஒரு புது மனிசி வந்து இருந்தார். கட்டையான உருவம், கையில் வாழைப்பழச் சீப்பு. சரசக்கா என்னை இடித்து, "ஐயோ பிள்ளை, மண்டைதீவு மாப்பிள்ளையின்ர தாய்! வீட்டுப் பேச்சுக்கு வந்திருக்கிறா. வீட்டில ஒருத்தரையும் காணேல்லை எண்டு இஞ்ச வந்திட்டா" என்றார். றெஜினாவைப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை.

உத்தியோகத்தர் எழுந்து மரியாதையாகவே பேசினார். பிறகு, "புகையால வருத்தம் வந்தவை ஆரும் இருந்தா தயவுசெய்து எழும்புங்கோ" என்றார்.

ஒருவரும் எழும்பவில்லை. டிலானி எழும்பப் பார்த்தாள். றெஜினா அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பிள்ளையின் கண் தாயைக் கெஞ்சியது, தாயின் கண் பிள்ளையைக் கெஞ்சியது. இன்னும் கொஞ்சம் விட்டால் அவள் எழும்பிவிடுவாள்.

நான் எழும்பினேன். "சேர், வருத்தத்தை விடுங்கோ. நான் ஒண்டு கேக்கிறன்" என்று சொல்லிச் சனத்தின் பக்கம் திரும்பினேன். "சோளகம் அடிக்கேக்க, வீட்டில சோளகப் பக்க யன்னலைத் திறந்து வைக்கிற ஆக்கள் கையை உயர்த்துங்கோ."

முன் வரிசையில் ஒரு கையும் இல்லை. நடுவில் இல்லை. பின்னால் மட்டும் ஒரே ஒரு கை உயர்ந்தது.

"ஒராள் இருக்கிறா, பாத்தியளோ!" என்றார் உத்தியோகத்தர். "அம்மா, நீங்கள் எந்த வீடு?"

"நான் இந்த ஊரில்லை மோனை, மண்டைதீவு" என்றார் அந்த மனிசி. "எங்கட வீட்டில சோளக யன்னல் எப்பவும் திறந்துதான் கிடக்கும். ஏன், இஞ்ச ஒருத்தரும் திறக்கிறேல்லையோ?"

சனம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்போடு பூட்டு உடைந்தது. "ஆணி அடிச்சாச்சு அக்கா!" என்று ஒரு கடற்றொழிலாளி எழும்பிக் கத்தினார். "நாலு சோளகமா மத்தியானம் வெக்கைக்குள்ள அவியுறம்." இன்னொருவர் சீமெந்தால் அடைத்துவிட்டாராம். ஒருத்தி உடுப்பை வீட்டுக்குள்தான் காயப்போடுகிறாளாம். முன்பள்ளிப் பிள்ளைகளைச் சோளகம் முழுக்க முற்றத்தில் விளையாட விடுவதில்லை என்று சின்னதுகளின் தாய்மார் சொன்னார்கள். வருத்தம் என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. வரத் தேவையுமில்லை. உத்தியோகத்தர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். முடிவில் என்னிடம் வந்து, "வாங்கோ மிஸ், அந்த யன்னல்களை எனக்குக் காட்டுங்கோ" என்றார். வீடு வீடாகக் காட்டினேன்.

அயற் கிராமத்துக் குப்பை அந்த வெட்டைக்கு வரவில்லை. முதலில் சோளக காலத்தில் கொளுத்துவது நின்றது, பிறகு முழுக்கவே நின்றது. இன்றும் யாராவது கள்ளமாக ஒரு ரயரைக் கொளுத்துவதுண்டு. சரசக்கா இருக்கும்வரை அவர் தப்பமாட்டார்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்லவேண்டியது கூட்டம் கலைந்தபின் நடந்தது. வாசலில் அந்த மண்டைதீவு மனிசி வாழைப்பழச் சீப்பை றெஜினாவின் கையில் கொடுத்தார். மனிசி டிலானியின் தலையைத் தடவிக்கொண்டு மெல்லிய குரலில் சொன்னார்:

"பெருநாளண்டு கோயிலில பிள்ளை ஒதுக்கமா நிண்டு பம்ப் அடிச்சதைக் கண்டனான். அண்டைக்கே தெரியும். மகனுக்கும் தெரியும். நீங்கள் ஒளிக்கிறியள், நான் கேட்டா வெக்கப்படுவியள் எண்டு பேசாம இருந்தனான். யன்னலைத்தான் சொன்னன் கேட்டியள்தானே? அந்த யன்னல் இருக்கிற அறையைத்தான் பிள்ளைக்கு ஒதுக்கி வைச்சிருக்கு."

றெஜினா அங்கேயே அவர் தோளில் விழுந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது, ஏன் மறைக்கவேண்டும்?

ஊர் முழுக்கக் காப்பாற்றிய இரகசியம் போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தது. ஒருவரையொருவர் நோகடிக்கக்கூடாது என்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்க, இடையில் புகை தன் பாட்டில் வந்துகொண்டிருந்தது. நீங்கள் போகும் இடத்திலும் சனம் பொய் சொல்லும். அதற்காக அவர்களைப் பொய்யர் என்று எழுதிவிடாதீர்கள். யாரைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார்கள் என்று பாருங்கள். அந்த ஆளை நீங்களும் காப்பாற்றிக்கொண்டு, உண்மைக்கு வேறொரு வழி கேளுங்கள். வழி இருக்கும். பெரும்பாலும் அந்த ஆளுக்கே தெரிந்திருக்கும்.

டிலானி இப்போது மண்டைதீவில் இருக்கிறாள். அங்கே ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். பம்ப் கைப்பைக்குள்தான் கிடக்கிறது, எடுக்கிற நாட்கள் குறைவாம். போன சோளகத்துக்கு நான் றெஜினா வீட்டுக்குப் போனேன். அந்த யன்னலின் ஆணிகள் கழற்றிக் கிடந்தன. காற்று ஆளைத் தள்ளியது. றெஜினா ஒரு கையால் மேசை விரிப்பைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் தேநீரைக் கொண்டுவந்தார்.

"சீ, என்ன காத்து மிஸ் இது! ஒரு சாமானை ஒரு இடத்தில வைக்க ஏலாமல் கிடக்கு. கலண்டரைக் கிழிச்சுப்போட்டுது. வீடெல்லாம் மண். அந்தக் காலத்தில பூட்டிக் கிடந்ததே நல்லம்."

இப்படியே தேநீர் ஆறும்வரை காற்றைத் திட்டிக்கொண்டிருந்தார், ஆனால் யன்னலைப் பூட்ட எழும்பவில்லை. ஒரு வீட்டில் குறை கேட்டு நான் அவ்வளவு சந்தோசப்பட்டது அன்றைக்குத்தான்.